சித்தியின் தாலாட்டும் இரும்பு பீரோவும்: வீட்டில் பதிந்த ஒரு பாட்டை மிக்ஸ் செய்த அனுபவம்

எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள் எல்லாம் சித்தி பாடித்தான் தூங்கியிருக்கின்றன. அந்தத் தாலாட்டை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன மாதம் சித்தி திருநெல்வேலிக்கு வந்து நான்கு நாள் எங்களோடு தங்கினார். இரண்டு மாலைப் பொழுதுகளில் பதிவு முடிந்தது. மிக்ஸ், அதாவது பதிந்த ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கும் வேலை, முடிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பெரும்பாலும், உரத்த ஒலியை அமுக்கிக் கொடுக்கும் கம்ப்ரஸரோடுதான் போனது.

பதிவு நடந்தது மாடியறையில். 10க்கு 12 அடி, ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, ஜன்னலுக்குத் திரைச்சீலை. ஒரு கண்டென்சர் மைக், மைக்கை மடிக்கணினியோடு இணைக்கும், நான்கு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், மடிக்கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிந்தோம். சித்திக்குச் சுருதி 5 கட்டை. ஒரு காதில் மட்டும் தம்பூரா ஒலிக்கும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தாளக்கட்டு எதுவும் இல்லாமல் அவர் போக்கில் பாடினார். அதன் மேல் பிறகு நான் கிட்டார் வாசித்தேன். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஈ மேஜர் வடிவத்தில் வாசித்தால் 5 கட்டை வந்துவிடும். நண்பர் ஒருவர் கஞ்சிரா வாசித்தார். மொத்தம் மூன்றே ட்ராக். கிட்டாரில் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன், 2 டெசிபல் அளவுக்குக் கம்ப்ரஸ் செய்தேன், அவ்வளவுதான்.

குரலில்தான் எல்லாச் சிக்கலும். தாலாட்டு பாடுகிறவர் மைக்குக்காகப் பாடுவதில்லை. "ஆராரோ" என்று தொடங்கும்போது மூச்சும் குரலும் பாதிப் பாதி. மாமன் சீர் கொண்டு வருவதைச் சொல்லும் அடி வந்ததும் குரல் தெருவுக்குக் கேட்கும் அளவுக்கு எழும்புகிறது. மீட்டரில் பார்த்தால் (0தான் மேல் எல்லை) மெல்லிய இடம் -30 பக்கம், உச்சம் -8 பக்கம். 22 டெசிபல் வித்தியாசம். கிட்டாரையும் கஞ்சிராவையும் கூட வைத்தால் பாதி வரிகள் காணாமல் போகின்றன.

சரி, கம்ப்ரஸர் எதற்கு இருக்கிறது என்று ரீப்பரோடு வரும் ரியாகாம்ப்பைக் குரல் ட்ராக்கில் போட்டேன். த்ரெஷோல்ட் (எந்த அளவைத் தாண்டினால் அமுக்க வேண்டும்) -24, ரேஷியோ (எந்த விகிதத்தில் அமுக்க வேண்டும்) 4:1, அட்டாக் (எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும்) 3 மில்லிசெகண்ட், ரிலீஸ் (எவ்வளவு வேகமாக விட வேண்டும்) 100. கணக்கு இப்படி: -8இல் வரும் உச்சம் த்ரெஷோல்டைவிட 16 டெசிபல் மேலே இருக்கிறது. 4:1 என்றால் அந்த 16 வெறும் 4 ஆகும். அதாவது -20இல் வந்து நிற்கும், 12 டெசிபல் குறைந்திருக்கும். இப்படி உச்சங்கள் சின்னதாகிவிட்டதால், குறைந்ததை ஈடுகட்டும் மேக்கப் கெயினில் 10 டெசிபல் ஏற்றினேன். முதல் தடவை கேட்டபோது அசந்துபோனேன். சித்தி கண்ணெதிரே உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. அன்று இரவு அத்தோடு வேலை முடிந்தது என்றே நினைத்துப் படுத்தேன்.

மறுநாள் காலையில் புதுக் காதோடு கேட்டால், ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் குரலுக்குப் பின்னால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் எழுந்து வருகிறது. அடுத்த அடி தொடங்கியதும் அடங்கிவிடுகிறது. அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப்பின் வேலை என்று நினைத்து அதை அணைத்தேன். போகவில்லை. கிட்டாரை அணைத்தேன். போகவில்லை. கம்ப்ரஸரை அணைத்ததும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மூலப் பதிவிலேயே அது இருக்கிறது, மிக மெல்லியதாக.

இந்த இடத்தில் கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது உரத்த ஒலியை மட்டும்தான் குறைக்கிறது. த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பதை அது தொடுவதே இல்லை. ஆனால் மேக்கப் கெயின் எல்லாவற்றையும் ஏற்றுகிறது. குரல் ஓய்ந்த இடத்தில் -58இல் கிடந்த அறையின் ஓசை இப்போது -48இல் நிற்கிறது. அதோடு ரிலீஸ் 100 மில்லிசெகண்ட் என்பதால், குரல் நின்ற மறுகணமே கம்ப்ரஸர் கையை எடுத்துவிடுகிறது. பின்னால் கிடந்ததெல்லாம் அலைபோல எழும்பி வருகிறது. ஒரு குரலைக் கம்ப்ரஸ் செய்யும்போது அந்தக் குரல் நின்ற அறையையும் சேர்த்தே முன்னால் இழுத்து வருகிறோம்.

சரி, அறையில் ரீங்காரம் எங்கிருந்து வந்தது? மாடிக்குப் போய், கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும் செயலியைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாக விரல் கணுவால் தட்டினேன். கட்டில், ஜன்னல் கம்பி, மேஜை. பீரோவின் இடது கதவைத் தட்டியதும் செயலி ஜீ என்று காட்டியது. 196 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். 5 கட்டைச் சுருதிக்கு ஆதார ஷட்ஜமே அதுதான். தாலாட்டில் ஒவ்வொரு அடியும் ஷட்ஜத்தில் வந்துதான் அமர்கிறது. சித்தி ஒவ்வொரு முறை "ஸ"வில் இறங்கும்போதும் பீரோக் கதவு கூடச் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது.

வேறு ஏதாவது அலைவரிசையாக இருந்தால், அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் மெல்லிய பள்ளம் தோண்டிப் போக்கியிருக்கலாம். இது குரலின் அடித்தளம். 196ஐ வெட்டினால் சித்தியின் ஷட்ஜமே சத்தில்லாமல் போகிறது. செய்தும் பார்த்தேன், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் தொலைபேசியில் கேட்பதுபோல ஒலித்தது. நல்லவேளையாகச் சித்தி அப்போது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பீரோவுக்குள் துணிகளை நெருக்கி அடைத்து, கதவிடுக்கில் அட்டையைச் செருகி, மேலே கம்பளியைத் தொங்கவிட்டு, கட்டில் மெத்தையை முன்னால் சாய்த்து வைத்து மறுபடி பாடச் சொன்னேன். முதல் இரண்டு சரணம் நன்றாக வந்தது. மூன்றாவது சரணம் மட்டும் முதல் நாள் பாடியதுதான் உயிரோடு இருந்தது. அதைக் கைவிட மனம் வரவில்லை. அதில் அடி முடிவுகளைக் கையால் ஃபேட் செய்து (மெல்ல மெல்ல ஒலியைக் குறைத்து) ரீங்காரத்தின் வாலை நறுக்கினேன். நறுக்கிய இடம் மொட்டையாகத் தெரியும் என்று பயந்தேன். பின்னால் ரிவெர்ப் அதை மூடிக்கொண்டது.

அப்புறம் கம்ப்ரஸரை முழுவதுமாக எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்தத் தடவை முதல் வேலை கைவேலை. குரலை அடி அடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் அளவையும் தனித்தனியாகச் சரிசெய்தேன். மெல்லிய ஆராரோவுக்கு 4 டெசிபல் ஏற்றம், உச்ச அடிகளுக்கு 5 டெசிபல் இறக்கம். மூச்சு வாங்கும் இடங்களை விட்டுவைத்தேன். தாலாட்டில் மூச்சும் பாட்டின் பங்கு. நான்கு நிமிடப் பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முடித்தபோது 22 டெசிபல் வித்தியாசம் 13 ஆகச் சுருங்கியிருந்தது. கம்ப்ரஸர் செய்ய வேண்டிய வேலையில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிட்டது. அதுவும் எந்த அடி எதற்காக உயர்கிறது என்று தெரிந்து செய்த வேலை. கருவிக்கு அது தெரியாது.

இதற்குப் பிறகு கம்ப்ரஸரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் ரிலீஸ் எவ்வளவு வைப்பது என்பதில் மறுபடி மாட்டிக்கொண்டேன். சித்தி இழுத்துப் பாடும் இடங்களில் குரல் அசைகிறது, ஏறத்தாழ நொடிக்கு ஐந்து அசைவு. ஒவ்வோர் அசைவுக்கும் 200 மில்லிசெகண்ட். ரிலீஸை 60இல் வைத்தால் கம்ப்ரஸர் ஒவ்வோர் அசைவையும் தனியாகப் பிடித்து அமுக்கி விடுகிறது. மேலே போகும் ஸ்வரம் கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் அந்த அசைவின் அழகே. அதைத் தட்டையாக்கினால் குரல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வருவதுபோல ஆகிறது. மென்பொருளில் வரும் "குரல்" என்ற ரெடிமேட் அமைப்புகளை அப்படியே போட்டால் நம் பாட்டுக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கமகம் என்ற இந்த அசைவு இல்லாத பாட்டை மனதில் வைத்து அமைத்த எண்கள் அவை.

இங்கே பழைய கருவிகளின் கதை உதவியது. 1960களில் டெலட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த எல்ஏ-2ஏ கம்ப்ரஸருக்குள் ஒளிரும் ஒரு தகடும், வெளிச்சம் பட்டால் மின்தடை மாறும் ஒரு பாகமும் எதிரெதிரே இருக்கின்றன. ஒலி ஏறினால் தகடு ஒளிரும், ஒலி குறைக்கப்படும். ஒலி அடங்கியதும் பாதி அளவுதான் 60 மில்லிசெகண்டில் மீளும். மீதி மீண்டு வர ஒரு நொடியிலிருந்து 15 நொடி வரைகூட ஆகலாம். அதனால் அது அசைவுக்கு அசைவு துள்ளுவதில்லை, வரியின் போக்கோடு நிதானமாக நகர்கிறது. அதே பத்தாண்டின் இறுதியில் பில் புட்னம் வடிவமைத்த 1176 நேர் எதிர். அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்ட் வரை போகும். (அதன் மென்பொருள் நகல்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மற்ற கம்ப்ரஸர்களில் பழகிய கை இங்கே தலைகீழாகத் திருப்பிவிடும்.)

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம். நானும் இரண்டு ரியாகாம்ப்பை வரிசையாகப் போட்டேன். முதலாவது 4:1, அட்டாக் 1 மில்லிசெகண்ட், ரிலீஸ் 80. கைவேலையில் தப்பிய திடீர் உச்சங்களை மட்டும், அதுவும் 2 டெசிபல் அளவுக்குத்தான் பிடிக்கும். இரண்டாவது 2:1, அட்டாக் 20, ரிலீஸ் 500; மொத்தக் குரலையும் 3 டெசிபல் அளவுக்கு மெதுவாக அணைத்துப் பிடித்திருக்கும். இப்போது அசைவுகள் அசைவாகவே இருந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். தானாக மேக்கப் ஏற்றும் வசதியை அணைத்துவிட்டு, கம்ப்ரஸர் இருக்கும்போதும் இல்லாதபோதும் குரல் ஒரே அளவில் கேட்கும்படி கையால் சரிசெய்த பிறகுதான் ஒப்பிட்டேன். உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். முதல் நாள் இரவு அசந்துபோனதற்குப் பாதிக் காரணம் அந்த 10 டெசிபல்தான். தங்கச்சியை பட்டனைத் தட்டச் சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் கேட்டேன். எட்டுத் தடவையில் ஆறு தடவை இரட்டைக் கம்ப்ரஸரையே தேர்ந்தெடுத்தேன். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

கஞ்சிராவுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் மைக்செட் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இரண்டு சேனல் கம்ப்ரஸர் ஒன்று ரேக்கில் இருக்கிறது. கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். "அண்ணாச்சி, இது கல்யாண வீட்ல என்ன வேல பாக்கும்?" என்று கேட்டேன். "மைக்க வாய்க்குள்ள வச்சிப் பேசுதவங்கட்ட இருந்து ஸ்பீக்கரக் காப்பாத்தும் தம்பி" என்றார். ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இன்டர்ஃபேஸின் மூன்றாவது அவுட்புட்டிலிருந்து கம்ப்ரஸருக்கு ஒரு கேபிள், அங்கிருந்து இரண்டாவது இன்புட்டுக்கு ஒரு கேபிள். ரீப்பரில் ரியாஇன்செர்ட் என்ற பிளக்இன் இந்தச் சுற்றுக்கு ஆகும் தாமதத்தை ஒரு சிக்னல் அனுப்பி அளந்து ஈடுசெய்துவிடும். போட்டதும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது. கம்ப்ரஸர் ஒரு சுவர் பிளக்கிலும் மடிக்கணினி இன்னொன்றிலும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றி, சார்ஜரையும் கழற்றி வைத்த பிறகு அடங்கியது. கம்ப்ரஸரின் பின்பக்கம் சிக்னல் அளவைத் தேர்ந்தெடுக்க +4, -10 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம் வரும். த்ரெஷோல்ட் எங்கே வைத்தாலும் சரியாக வராது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருப்பினேன். அட்டாக் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. வேகமான பக்கம் வைத்தால் தோலில் விரல் விழும் அந்த "டப்" செத்துவிடுகிறது. அடி விழுந்த கணத்திலேயே கம்ப்ரஸர் அதை அமுக்குகிறது, பிறகு கையை எடுக்கும்போது சட்டத்தில் இருக்கும் காசுகளின் "சில்" மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. மெதுவாக, மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் விரல் மறுபடி உயிர்த்து வருகிறது. அங்கே நிறுத்திக் கண் திறந்து பார்த்தேன், 30 மில்லிசெகண்ட் பக்கம். ரேஷியோ 3:1, ரிலீஸ் 80. விரல் அடி முழுசாகத் தப்பிப் போய்விடுகிறது, அதன் பின்னால் வரும் உடல்தான் பிடிபடுகிறது. திரையில் எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் இதை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கஞ்சிராவை அந்தக் கருவி வழியாகவே புது ட்ராக்காகப் பதிந்துகொண்டு, பெட்டியைத் துடைத்து அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். குரலுக்கு அது தேவைப்படவில்லை.

மூன்றையும் சேர்த்து, மொத்தத்தின் மேல் 2:1இல் ஒரு மெல்லிய கம்ப்ரஸர் போட்டதும் புதுசாக ஒரு சிக்கல். கஞ்சிராவில் கும்கி (தோலை அழுத்தி எழுப்பும் கனத்த கீழ் ஒலி) விழும்போதெல்லாம் சித்தியின் குரல் ஒரு கணம் தலை குனிகிறது. கும்கியின் ஆற்றல் 100 ஹெர்ட்ஸ் பக்கம். காதுக்கு அவ்வளவு உரக்கத் தெரியாவிட்டாலும் கம்ப்ரஸரின் அளவுகோலை அதுதான் ஆட்டுகிறது. ரியாகாம்ப்பில் அளவெடுக்கும் பகுதிக்கு மட்டும், கீழ் அலைவரிசைகளை வடிகட்டும் ஹைபாஸ் வைக்கலாம். அதை 150இல் வைத்தேன். கும்கி கேட்கிறது, கம்ப்ரஸருக்கு மட்டும் தெரியாது. குரல் நிமிர்ந்துவிட்டது.

ரிவெர்ப்பை நான் முதலில் நேராகக் குரல் ட்ராக்கிலேயே, கம்ப்ரஸருக்கு முன்னால் போட்டிருந்தேன். அது தவறு. எதிரொலியையும் கம்ப்ரஸர் அமுக்கி ஏற்றும், குரல் ஓய்ந்ததும் எதிரொலி பொங்கி வரும். ரிவெர்ப்பைத் தனி ட்ராக்கில் வைத்து, குரலின் ஒரு பிரதியை மட்டும் சென்ட் மூலம் அங்கே அனுப்பினேன். பிளேட் வகை, நீளம் 3 நொடி. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஊருக்குப் போயிருந்த சித்திக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டார்: "ஏல, நான் தொட்டில் பக்கத்துல நின்னுல்லா பாடுனேன்? இதுல தெப்பக்குளத்து அந்தக் கரையில நின்னு பாடுத மாதிரில்லா கேக்கு."

சரியாகச் சொன்னார். ரிவெர்ப் என்பது தூரம். நேரடிக் குரலுக்கும் முதல் எதிரொலிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதை வைத்துத்தான் பாடுகிறவர் பக்கத்தில் இருக்கிறாரா, தள்ளி இருக்கிறாரா என்று காது முடிவு செய்கிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். இந்த இடைவெளியை அமைக்கும் ப்ரீடிலேயை 40 மில்லிசெகண்ட் வைத்தால், எதிரொலி 13 மீட்டருக்கு மேல் சுற்றிவிட்டு வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். குரல் பக்கத்திலேயே நிற்கும், மண்டபம் மட்டும் பின்னால் விரியும். நீளத்தை 1.4 நொடியாகக் குறைத்தேன். ரிவெர்ப்புக்குப் போகும் சிக்னலில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டினேன். கீழே 600 வரை வெட்டுவது லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவின் வழக்கமாகச் சொல்லப்படுவது. மேலே அவர்கள் 10 கிலோஹெர்ட்ஸ் வரை விடுவார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் அவ்வளவு பளபளப்பு வேண்டாம் என்று நான் இன்னும் இறக்கினேன். 600க்குக் கீழே எதுவும் போகாததால் மூன்றாவது சரணத்தில் மிச்சமிருந்த பீரோ ரீங்காரமும் ரிவெர்ப்பில் பெருகவில்லை.

பிளேட் ரிவெர்ப்பின் மூலக் கருவி 1957இல் ஜெர்மனியில் வந்த ஈஎம்டி 140. ஒரு பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதை ஒலியால் அதிர வைத்து, அந்த அதிர்வை மறுபடி எடுப்பார்கள். எடை 250 கிலோவுக்கு மேல். எங்கள் பீரோக் கதவு செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பெரிய தகட்டில் எல்லா அலைவரிசைகளும் நெருக்கமாக அதிர்வதால் அது இனிமையாக இருக்கிறது, கதவு ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் குடைகிறது.

பாடியதைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் டிலேயையும் முயன்றேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு என்று கணக்கிட்டு, ஒரு நிமிடத்தின் 60,000 மில்லிசெகண்டை 72ஆல் வகுத்து 833 மில்லிசெகண்ட் வைத்தேன். ஆனால் சித்தி தன் போக்கில் பாடியதால் வேகம் 69க்கும் 75க்கும் இடையில் அலைகிறது. அதாவது சரியான இடைவெளி 870இலிருந்து 800 வரை மாறிக்கொண்டே இருக்கிறது. எதிரொலி கஞ்சிராவோடு மோதியது. ஒவ்வொரு சரணத்தின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் டிலேயைத் திறந்து மூடினேன். அதிலும் ஒரு கம்ப்ரஸர் உண்டு: குரல் ட்ராக்கை டிலே ட்ராக்கின் 3, 4 சேனல்களுக்கு அனுப்பி, ரியாகாம்ப்பில் அளவெடுக்கும் டிடெக்டரை ஆக்ஸிலரிக்கு, அதாவது அந்த 3, 4 சேனல்களுக்கு மாற்றினால், குரல் ஒலிக்கும்வரை எதிரொலி அடங்கியிருக்கும், குரல் நின்றதும் எழும்பும். முதலில் எனக்குத் தொல்லையாக இருந்த அதே பொங்கி எழுதல் இங்கே வேண்டியபடி வேலை செய்தது.

கடைசியில் லிமிட்டரை -1 டெசிபலில் வைத்து, மொத்த அளவை -17 லஃப்ஸில் (பாட்டு முழுவதும் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) விட்டேன். யூடியூப் ஏறத்தாழ -14ஐ மட்டமாக வைத்து, அதைவிட உரக்க இருப்பதைக் குறைக்கிறது, மெல்லியதை ஏற்றுவதில்லை. அதனால் மற்ற பாட்டுகளுக்கு நடுவே இது கொஞ்சம் மெல்லியதாகத்தான் கேட்கும். தாலாட்டை -14க்குத் தள்ளிப் பார்த்தேன், மூச்சு வாங்கும் இடமெல்லாம் வரியளவுக்கு உரக்கக் கேட்டது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புது மிக்ஸைச் சித்திக்கு அனுப்பியிருக்கிறேன். "இப்ப கிட்ட வந்துட்டேன்" என்றார். ஹெட்ஃபோனில் கேட்டால் மூன்றாவது சரணத்தின் இரண்டாம் அடியில் பீரோ இன்னும் லேசாகக் கேட்கிறது. கோவில் கொடைக்குச் சித்தி வரும்போது அந்தச் சரணத்தை மட்டும் மறுபடி பாடச் சொல்ல வேண்டும். பீரோவை அடுத்த அறைக்கு நகர்த்த இரண்டு பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.